தலைவர் வங்கியோடு சண்டை பிடித்த வாரம்

எங்கள் துப்புரவுக் கூட்டுறவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்று கேட்டவர்களுக்கும் தெரியும். எந்தத் தரைக்கு எந்த மருந்து, பளிங்குக் கல்லில் ஏன் வினாகிரி படக்கூடாது என்பதையெல்லாம் உங்கள் குழுவுக்குப் பொறுப்பானவர் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவார். அவர் சொல்லாவிட்டால் தரையே சொல்லிவிடும். நான் சொல்லப்போவது வேறு. பலெர்மோவில் இருபத்தாறு வருடம் அடுத்தவர் தரையைத் துடைத்தேன். அதில் ஒரு வாரத்தை மட்டும் யாராவது திருப்பித் தந்தால் வேறு மாதிரி நடந்துகொள்வேன். சிரிப்பும் வெட்கமும் சரிசமமாகக் கலந்த வாரம் அது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கூட்டுறவில் அப்போது முப்பத்தொரு பேர். மொரீசியசில் இருந்து வந்த ஐந்து பெண்களைத் தவிர மற்ற எல்லோரும் யாழ்ப்பாணத்து ஆட்கள். எங்களுக்குக் கிடைத்த வேலைகளில் பெரியது ஒரு தேசிய வங்கியின் நகரக் கிளை. நாடு முழுக்கக் கிளைகள் வைத்திருந்த வங்கி, பெயர் வேண்டாம். தினமும் காலை ஆறு மணிக்கு நாங்கள் ஏழு பேர் போய், எட்டு மணிக்கு முன்னர் எல்லாவற்றையும் பளபளக்க வைத்துவிட்டு வெளியேறிவிடுவோம். குழுவுக்குப் பொறுப்பு நான். பக்கவாட்டுக் கதவின் சாவி என் கழுத்தில் தாலிக் கொடிக்குப் பக்கத்திலேயே தொங்கும்.

இதிலுள்ள வேடிக்கையைப் பாருங்கள். வங்கியின் சாவி எங்களிடம் இருந்தது. அந்த வங்கியில் ஒரு சேமிப்புப் புத்தகம் திறக்க மட்டும் எங்களுக்கு அனுமதி இல்லை. ஒரு வருட பெர்மெஸ்ஸோ, அதாவது ஒரு வருடத்துக்கு மட்டும் இங்கே இருக்கலாம் என்ற அனுமதிப் பத்திரம் வைத்திருப்பவர்களுக்குக் கணக்குத் திறக்க வேண்டாம் என்று ரோமாவில் இருந்த தலைமையகம் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. எங்கள் எல்லோரிடமும் ஒரு வருட பெர்மெஸ்ஸோதான். சம்பளத்தை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தோம். எங்கள் ஆட்கள் நெருக்கமாகக் குடியிருந்த ஒரேத்தோப் பகுதியில் இரண்டு வீடுகளில் கள்ளர் புகுந்து முதலில் அரிசி வாளியைத்தான் கவிழ்த்தார்கள். ஊர் வழக்கம் அவர்களுக்கும் எட்டிவிட்டது போலிருக்கிறது.

இனி எங்கள் தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் ஒரு தொழிற்சங்கத்தில் செயலாளராக இருந்தவர். ஒலிவாங்கி இல்லாமலே மூன்று தெருவுக்குக் கேட்கும் குரல். பலெர்மோவில் அவர் துடைத்தது அடுக்குமாடிகளின் படிக்கட்டுகளை. மேடை இல்லாத குறையை அந்தப் படிக்கட்டுகளில் நின்றே தீர்த்துக்கொண்டார். கூட்டுறவுத் தலைவர் பதவிக்கு மறுபடி தேர்தல் வரவிருந்தது, எதிர்த்து ஒருவர் நிற்கப்போகிறார் என்று கதையும் அடிபட்டது. அந்த நேரம் பார்த்து வங்கி அவர் கையில் அகப்பட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் கூடினோம். ஒரேத்தோவில் இரண்டு அறை வீடு. முப்பத்தொரு பேரும் கட்டிலிலும் தரையிலுமாக நெருக்கி இருந்தோம். தலைவர் எழுந்து நின்றார்.

"அது வங்கியில்லை, பேய்! எங்கடை கையாலை தன்ரை வாசலைக் கூட்டுவிச்சுப்போட்டு, எங்களையே வாசலுக்கு வெளியிலை நிப்பாட்டுற பேய்! ரோமாவிலை இருந்து ஒரு கடதாசி வந்தால் நாங்கள் மனிசர் இல்லையெண்டு ஆகிடுமோ?"

எல்லோரும் கை தட்டினோம். நானும்தான். உண்மையைத்தானே சொன்னார்.

"நாளையிலை இருந்து அந்த வங்கியைத் துடைக்கிறேல்லை. சாவியையும் திருப்பிக் குடுக்கிறேல்லை. ராணி, சாவியை என்னட்டைத் தாரும்."

நான் கழுத்தில் கை வைத்துக்கொண்டேன். "தரமாட்டன் அண்ணை. சாவி சண்டைச் சாமான் இல்லை. இண்டைக்கு அதைப் பிடிச்சு வச்சமெண்டால் நாளைக்கு இந்த ஊரிலை ஒருத்தரும் எங்களை நம்பிக் கதவு துறக்கமாட்டினம்."

"அப்ப கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லுறீரோ?"

"இல்லை. வியாழக்கிழமை வழமை போலை துடைப்பம். பிறகு உடுப்பை மாத்திக்கொண்டு முப்பத்தொரு பேரும் வாடிக்கையாளராய்ப் போய் வரிசையிலை நிப்பம். ஒவ்வொருத்தரும் கணக்குத் துறக்கக் கேப்பம். அவை இல்லையெண்டு சொன்னால், அதை எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ எண்டு கேப்பம். இந்த நாட்டிலை வாயாலை இல்லையெண்டு சொல்ல ஒருத்தருக்கும் நோகாது. எழுதித் தா எண்டால்தான் கை நோகும்."

இது என் மூளையில் உதித்தது இல்லை. நான் பின்னேரங்களில் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோராவின், அதாவது வீட்டுக்கார அம்மாவின் வித்தை. எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும் அவள் கைப்பையில் இருந்து பேனாவை எடுத்து அங்கிருக்கும் எழுத்தரிடம் நீட்டுவாள். அவளிடம் வாயால் இல்லை சொன்னவர்கள் பாதிப் பேர் அந்தப் பேனாவைக் கண்டதும் ஆம் சொல்லிவிடுவார்கள்.

தலைவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது. வரிசை என்றால் அதற்கு முன்னால் நின்று பேசலாம் அல்லவா? "ஆனால் சண்டைக்கு ஒரு முகம் வேணும்" என்றார். கண்களைச் சுழற்றி, மூலையில் இருந்த மலரிடம் நிறுத்தினார். "இந்தத் தாய்! இந்தத் தாய்க்காகத்தான் நாங்கள் போறம்!"

மலர் என் குழுவில் வேலை செய்தவள். முப்பது வயதிருக்கும், சீசா என்ற வட்டாரத்தில் ஒரு அறையில் தனியே இருந்தாள். கணவர் இல்லை. ஏழு வயது மகள் ஊரில் மலரின் தமக்கையோடு இருந்தாள். அந்தப் பிள்ளையை இங்கே கூப்பிட மலர் விண்ணப்பம் போட்டிருந்தாள். எல்லாக் கடதாசியும் சேர்ந்துவிட்டது. தன் பெயரில் ஒரு வங்கிப் புத்தகம் இருக்கிறது என்பதற்கான நகல் ஒன்றுதான் பாக்கி. அதை வரும் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் குவெஸ்தூராவில், அதாவது பெர்மெஸ்ஸோ கொடுக்கும் பொலிஸ் கந்தோரில் கொடுக்க வேண்டும். தவறினால் முதலில் இருந்து தொடங்கி இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். பிள்ளையை விட்டுவிட்டு வந்தபோது அதற்கு மூன்று வயது.

தலைவர் அவளைக் காட்டிப் பேசியபோது மலர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்கு இது சம்மதமா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இதைக் குறித்து வையுங்கள். முதல் பிழை இதுதான்.

செவ்வாய்க்கிழமை சீசாப் பக்கம் ஒரு வீட்டு வேலைக்குப் போனேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு சின்ன வங்கி. மாவு ஆலைக்கும் சப்பாத்துக் கடைக்கும் நடுவில், ஒரு பலசரக்குக் கடையின் அகலம்கூட இல்லை. கேட்டுத்தான் பார்ப்போமே என்று உள்ளே நுழைந்தேன். வயதான எழுத்தர் ஒருவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு வருட பெர்மெஸ்ஸோ போதும், கூட்டுறவின் வேலைக் கடிதமும் கொண்டுவாருங்கள், கால் மணி நேர வேலை என்றார். ஒரே ஒரு நிபந்தனை: கணக்குத் திறப்பவர் அந்த வட்டாரத்தில் குடியிருக்க வேண்டும். எங்கள் ஆட்களில் அநேகர் ஒரேத்தோவில் இருந்தார்கள். அந்த வட்டாரத்தில் குடியிருந்தது மலர் ஒருத்திதான்.

நான் நேரே அவளிடம் போயிருக்க வேண்டும். அவள் அறை அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. ஆனால் கூட்டுறவில் எதுவென்றாலும் முதலில் தலைவரிடம் சொல்வது எங்கள் வழக்கம். அவர் ஒரு மாடிப்படியில் துடைப்பத்தோடு நின்றார். விஷயத்தைக் கேட்டதும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அக்கம்பக்கம் பார்த்தார்.

"ராணி, இதை இப்ப வெளியிலை விடாதையும்."

"ஏன் அண்ணை? மலருக்கு அலுவல் முடிஞ்சிடுமே."

"அதுதான் சொல்லுறன். அவளுக்குப் புத்தகம் கிடைச்சால் எங்களுக்குச் சண்டை போச்சு. மிச்ச முப்பது பேருக்கும் ஆர் அழப்போகினம்? வியாழக்கிழமை வரைக்கும் பொறும். அங்கை சரிவராட்டில் வெள்ளி காலமை நானே அவளை அந்தச் சின்ன வங்கிக்குக் கூட்டிக்கொண்டு போறன். பன்ரெண்டு மணிக்கு முன்னம் அலுவல் முடிஞ்சிடும்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வஞ்சக மனுசனும் இல்லை. முப்பது பேரின் பாரத்தை ஒருத்தியின் முதுகில் ஏற்றுகிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் "ஓம் அண்ணை" என்றேன். என் வித்தை, என் வரிசை, அது வெல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. இதைத் தலைவர் மேல் போட்டுத் தப்ப நான் விரும்பவில்லை.

அடுத்த நாள் காலை பெரிய வங்கியில் மலரோடு சேர்ந்து வேலை செய்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் கையே குறுகுறுத்தது. ஒரே மேசையை மூன்று தரம் துடைத்தேன். "என்னக்கா, மேசை தேயப்போகுது" என்று அவள் சிரித்தாள். அன்று மாலை தலைவர் வீட்டில் கடைசிக் கூட்டம். மறுநாள் பேச்சை அவர் ஒத்திகை பார்த்தார். "பால் மணம் மாறாத பிள்ளையைப் பிரிஞ்ச தாய்" என்ற இடத்தில் அவருக்கே உண்மையாகக் கண்ணீர் வந்துவிட்டது. மலர் தன் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தாள். பயத்தில்தான் அப்படிப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்து எனக்கு நெஞ்சு வலித்தது.

வியாழக்கிழமை விடிந்தது. ஆறு மணிக்குப் போய் வழக்கத்தை விட ஒரு படி மேலாகவே துடைத்தோம். "எங்கடை மானம் தரையிலை தெரியட்டும்" என்றேன். தரையும் அப்படியே மின்னியது. பிறகு என் வீட்டுக்கு ஓடி முகம் கழுவி, பெண்கள் சேலையும் ஆண்கள் நீளக்கைச் சட்டையுமாக ஒன்பது மணிக்கு வங்கி வாசலில் மற்றவர்களோடு கூடினோம். கோவில் திருவிழாவுக்குப் போகிற கூட்டம் போல இருந்தது. வாசலில் ஒரு கண்ணாடிக் கூடு உண்டு. ஒரு ஆள் உள்ளே போனதும் பின்கதவு பூட்டிக்கொள்ளும், பிறகுதான் முன்கதவு திறக்கும். ஒவ்வொருவராகத்தான் போக முடியும்.

முதலில் போனவள் நான். கூட்டுக்கு முன்னால் வந்ததும் என் கால் தானாகச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தது. நான் யோசித்துச் செய்யவில்லை. தரை காய்ந்து மெருகேறும் வரை எங்கள் குழுவில் யாரும் அதன்மேல் செருப்போடு நடப்பதில்லை. அது நான் போட்ட சட்டம். நாலு வருடமாகக் காலில் ஊறிய சட்டம். எனக்குப் பின்னால் வந்த என் குழுக்காரர் ஆறு பேரும் கழற்றினார்கள். அவர்களைப் பார்த்து, வங்கியில் ஒருநாளும் வேலை செய்யாத மற்றவர்களும் கழற்றினார்கள். நல்ல காரியத்துக்குப் போகும்போது வாசலில் செருப்பைக் கழற்றுவது எங்கள் இரத்தத்தில் உள்ளதுதானே. கடைசியில் உள்ளே திரும்பிப் பார்க்கிறேன்: முப்பது பேர் வெறுங்காலுடன் வரிசையில் நிற்கிறோம். வெளியே நடைபாதையில் முப்பது சோடி செருப்பும் சப்பாத்தும் ஒழுங்காக அடுக்கியிருக்கின்றன.

சப்பாத்தோடு உள்ளே வந்தவர் தலைவர் மட்டும்தான். அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"என்ன வேலை செய்து வச்சிருக்கிறியள்! நாங்கள் வாடிக்கையாளர்! வேலைக்காரரில்லை! எல்லாரும் வெளியிலை போய்க் காலிலை போட்டுக்கொண்டு வாங்கோ!"

சிலர் நகரத் தொடங்கினார்கள். அந்தக் கண்ணாடிக் கூட்டின் வழியே முப்பது பேர் ஒவ்வொருவராக வெளியே போய்த் திரும்ப உள்ளே வருவதற்குள் மதியமாகிவிடும். வங்கி ஒன்றரைக்கு மூடும். அதைவிட, வாசலில் துவக்கோடு நின்ற காவலாளி எங்களைத் திரும்ப உள்ளே விடுவானா என்பதே சந்தேகம். இப்படியான நேரத்தில் சரியானது எது என்று தேடாதீர்கள். திரும்பப் பெற முடியாதது எது என்று பாருங்கள். கௌரவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வரிசையில் பிடித்த இடம் போனால் வராது.

"ஒருத்தரும் அசையக்கூடாது" என்றேன். "காலைப் பாக்க வேண்டாம். பெர்மெஸ்ஸோவைக் கையிலை எடுங்கோ."

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலைவரின் பேச்சுக்கு மேலால் பேசினேன். அவர் ஒரு தூணோரமாகப் போய் நின்றார்.

பிறகு நடந்ததை நாங்கள் யாரும் திட்டமிடவில்லை. காலை வேலையாக வங்கிக்கு வந்த பலெர்மோச் சிஞ்ஞோராக்கள் வாசலில் செருப்பு அடுக்கைக் கண்டார்கள். உள்ளே மின்னுகிற தரையையும் வெறுங்கால்களையும் கண்டார்கள். முதலில் வந்த பருத்த சிஞ்ஞோரா ஒருத்தி, புதிதாக மெழுகு பூசியிருக்கிறார்கள், சப்பாத்தோடு வந்தால் வழுக்கி விழுந்துவிடுவோம் என்று முடிவு கட்டி, தன் குதி உயர்ந்த சப்பாத்தைக் கழற்றி எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டாவதாக வந்த கனவான் அவளைப் பார்த்துக் கழற்றினார். பத்தரை மணிக்கெல்லாம் பன்னிரண்டு இத்தாலியர்கள் காலுறையோடு நின்றார்கள். ஏன் இந்தக் கூட்டம் என்று எங்களிடம் கேட்டார்கள். சொன்னோம். "உங்கள் கையில் சாவி இருக்கிறது, புத்தகம் இல்லையா?" என்று பருத்த சிஞ்ஞோரா தன் கையைக் குவித்து ஆட்டியபடி கேட்ட கேள்வி வங்கி முழுக்க எதிரொலித்தது. தலைவரின் குரலை வெல்லக்கூடிய ஒரு குரலை அன்றுதான் கேட்டேன்.

முன்வரிசை மெல்ல நகர்ந்தது. எழுத்தர் ஒவ்வொருவருக்கும் இல்லை என்று சொல்ல, ஒவ்வொருவரும் பேனாவை நீட்டினார்கள். முதல் மறுப்புக் கடிதத்தைச் சிரித்துக்கொண்டு எழுதிக் கொடுத்தார். நாலாவதில் சிரிப்பு நின்றது. ஒன்பதாவதில் எழுந்து திரெத்தோரேயின், அதாவது கிளை மேலாளரின் அறைக்குப் போனார். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்.

நான் வரிசை குழம்பாமல் பார்க்க ஓரமாக, வாசல் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றேன். செய்ய ஒன்றுமில்லை. கையில் துணி இல்லாமல் அந்தக் கண்ணாடியை நான் பார்த்தது அதுவே முதல் தடவை. அதில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. வாசித்தேன். நாளை வெள்ளிக்கிழமை வங்கி ஊழியர்களின் வேலைநிறுத்தம், நாடு முழுவதும் எல்லா வங்கிகளும் மூடப்பட்டிருக்கும் என்று எழுதியிருந்தது.

வெள்ளி காலையில் சின்ன வங்கிக்குப் போகலாம் என்றல்லவா மலரின் விஷயத்தை மறைத்தோம்! அந்த அறிவிப்பின் நான்கு ஓரங்களையும் அன்று காலை நானே துடைத்திருந்தேன். வங்கியில் எந்தக் கடதாசியையும் வாசிக்காதே என்பது என் குழுவுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். மேசையில் கிடப்பது அடுத்தவர் சமாச்சாரம். அந்தப் பாடத்தை நானே அத்தனை நன்றாகப் படித்திருந்தேன், சுவரில் ஊருக்கே எழுதிவைத்ததையும் வாசிக்கவில்லை. நீங்கள் மேசையை வாசிக்காதீர்கள். சுவரை வாசியுங்கள்.

மணி பதினொன்று நாற்பது. சீசாவுக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம். வரிசையை விட்டுவிட்டு மலரிடம் ஓடினேன். இருபதாவது ஆளாக நின்றிருந்தாள்.

"மலர், வா என்னோடை. செருப்பைத் தேடிப் போடு. நாளைக்கு ஒரு வங்கியும் துறக்காது. சீசாவிலை ஒரு சின்ன வங்கி இருக்கு, அங்கை உனக்குப் புத்தகம் தருவினம். எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும். தெரிஞ்சும் உனக்குச் சொல்லேல்லை. பிறகு என்னை என்ன வேணுமெண்டாலும் பேசு, இப்ப வா."

அவள் அசையவில்லை. "கையை விடுங்கோ அக்கா, வரிசை குழம்பப்போகுது" என்றாள். கைப்பையைத் திறந்து என் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி காட்டினாள். உள்ளே நீல அட்டை போட்ட புத்தகம். அதே சின்ன வங்கியின் முத்திரை. அதன் நகலும் மடித்து வைத்திருந்தது.

"எப்ப?"

"நேற்று மத்தியானம். பக்கத்து வீட்டு மொரீசியஸ் அக்கா, எங்கடை கூட்டுறவு ஆள் இல்லை, அவதான் கூட்டிக்கொண்டு போனவ. வேலைக் கடிதம் குவெஸ்தூராவுக்கு எண்டு முன்னமே எடுத்தது கையிலை கிடந்தது. செவ்வாய்க்கிழமையும் உங்கடை ஆக்களிலை ஒரு சிஞ்ஞோரா வந்து கேட்டவ, கழுத்திலை பெரிய சாவி தொங்கினது எண்டு அந்தக் கிழவர் சொன்னவர்."

"கோவமில்லையோ?"

"பின்னேரம் முழுக்கக் கோவமாத்தான் இருந்தனான். பிறகு பசிச்சிது, சாப்பிட்டன்." கைப்பையை மூடிக்கொண்டு, "இல்லை அக்கா, இப்பவும் கொஞ்சம் கிடக்கு" என்றாள்.

"பிறகேன் இஞ்சை வந்து நிக்கிறாய்?"

"எனக்குக் கிடைச்சிட்டுது எண்டு நேற்றுச் சொல்லியிருந்தால் நீங்கள் எல்லாரும் வீட்டை போயிருப்பியள். மற்ற ஆக்களுக்கு ஆர் கேக்கிறது? அவையும் அரிசி வாளிக்குள்ளைதானே வச்சிருக்கினம்."

நாங்கள் சண்டைக்கு முகம் வேண்டும் என்று அவளிடம் மறைத்தோம். அவளும் அதே காரணத்துக்காக எங்களிடம் மறைத்தாள். ஆனால் நாங்கள் மறைத்தது அவளுடைய பிள்ளையை. அவள் மறைத்தது தன்னுடைய நிம்மதியை. இரண்டும் ஒன்றில்லை. அந்த வரிசையில் நின்றபடியே எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பின்னால் நின்றவர்கள், ராணியக்காவுக்கு வெறுங்காலில் குளிர் பிடித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

பன்னிரண்டரைக்குத் திரெத்தோரே அறையை விட்டு வெளியே வந்தார். நல்ல மனிதர்தான், இது என் சட்டமில்லை, ரோமாவின் சட்டம் என்று முன்பெல்லாம் தோளைக் குலுக்குவார். அன்று காலுறையோடு நின்ற தன் வாடிக்கையாளர்களைக் கண்டு, குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். பருத்த சிஞ்ஞோரா அவரைப் பிடித்துக்கொண்டாள். அவர் உள்ளே திரும்பி ஓடி ரோமாவுக்குத் தொலைபேசி எடுத்தார். கதவு திறந்திருந்தபடியால் எங்களுக்கெல்லாம் கேட்டது. "என்ன செய்கிறார்களா? ஒன்றும் செய்யவில்லை. வரிசையில் நிற்கிறார்கள். இல்லை, சத்தம் போடவில்லை. சப்பாத்து இல்லாமல் நிற்கிறார்கள். எல்லோரும். இத்தாலியர்களும்." பிறகு, "ஆம், இத்தாலியர்களும்" என்று இன்னொரு தடவை சொன்னார்.

கால் மணி நேரம் கழித்து வந்து அறிவித்தார். கூட்டுறவின் வேலைக் கடிதம் இருந்தால் சேமிப்புப் புத்தகம் திறக்கலாம் என்று ரோமா ஒப்புக்கொண்டுவிட்டது. திங்கட்கிழமையில் இருந்து.

கூட்டம் ஆரவாரித்தது. எனக்கு மட்டும் அந்தத் திங்கட்கிழமை காதில் அறைந்தது. எங்கள் வெற்றியை நம்பியிருந்தால் மலரின் பிள்ளைக்கு இன்னொரு வருடம் போயிருக்கும். இந்த ஒரு சங்கதிக்காகத்தான் இவ்வளவும் உங்களுக்குச் சொல்கிறேன். போராடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒருவரை முன்னால் நிறுத்துவதற்கு முதல், அவருக்கு என்ன தேவை, எந்த நாளைக்குள் தேவை என்று அவரிடமே கேளுங்கள்.

தலைவர் தூணை விட்டு வெளியே வந்தார். குரல் திரும்ப வந்துவிட்டது. "முதல் பேர் இந்தத் தாயின்ரை பேர்! மலர், முன்னுக்கு வா பிள்ளை!"

மலர் முன்னுக்கு வந்து நீலப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் முத்திரையைப் பார்த்தார், திகதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

"நேற்றுப் பின்னேரம் இது உன்னட்டை இருந்ததோ?"

"ஓம் அண்ணை. கைப்பைக்குள்ளை."

"அப்ப நான் உனக்காக அழுதது?"

"நல்லா அழுதனீங்கள் அண்ணை. அதைக் குழப்ப மனம் வரேல்லை."

வேறு யாராயிருந்தாலும் கோபப்பட்டிருப்பார்கள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "பிழை விட்டிட்டன் பிள்ளை" என்றார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். பிறகு ஒரு சங்கடமும் இல்லாமல் தன் சப்பாத்தையும் கழற்றினார். காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அவர் கழற்றாததன் காரணம் கௌரவம் மட்டுமில்லை என்று எல்லோருக்கும் விளங்கியது.

வெள்ளிக்கிழமை காலை மலர் குவெஸ்தூராவில் நகலைக் கொடுத்தாள். வாங்கிப் பார்த்து, கோப்பு நிறைவாகிவிட்டது என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். தலைவர் தேர்தல். வங்கியை வென்ற கையோடு அவரை எதிர்க்க யாருக்குத் துணிவு வரும்? போட்டிக்கு நிற்பதாக இருந்தவர்கூட மாலை வாங்கி வந்திருந்தார். தலைவர் எழுந்து, வழக்கத்துக்கு மாறாகச் சுருக்கமாகப் பேசினார். "நான் ஒரு ஆளைப் பேச்சுக்குப் பாவிச்சனான். அவள் எங்கள் எல்லாரையும் வரிசையிலை நிக்க வச்சு வெண்டு தந்தவள். தலைவர் பதவிக்கு மலரின்ரை பேரை நான் முன்மொழியிறன்."

முதல் ஆளாக வழிமொழியக் கை தூக்கியது நான்தான். எல்லோரும் மலரைப் பார்த்தார்கள். இந்த முறை அவள் தரையைப் பார்க்கவில்லை. எழுந்து நின்று சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள்.

"எனக்கு ஏலாது அண்ணை" என்றாள். "பிள்ளை வருகுது. கட்டில் வாங்கோணும்."